சிப்பாயின் குடலில் கிடைத்த மருந்து

குடிநீரில் ஈ.கோலை இருக்கிறது என்றால், மலம் கலந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றுப்போக்கும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து அதன் பெயரை நன்றாகவே கெடுத்து வைத்திருக்கின்றன. ஆனால், அதே இனத்து பாக்டீரியா ஒன்றை ஜெர்மனியில் மருந்தாக விழுங்குகிறார்கள்.

முதல் உலகப் போர்க்காலம். கருங்கடலை ஒட்டிய தோப்ருஜா பகுதியில் ஷிகெல்லா கிருமி சீதபேதியைப் பரப்பிக்கொண்டிருந்தது. கூட இருந்தவர்கள் படுத்துவிட, ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரைபுர்க் நகர மருத்துவர் ஆல்ஃபிரெட் நிஸ்லே 1917-ல் அவருடைய மலத்திலிருந்து ஒரு ஈ.கோலையைப் பிரித்தெடுத்தார். கண்ணாடித் தட்டில் அது நோய்க்கிருமிகளை அமுக்கியது. அதை வளர்த்து, ஜெலட்டின் குப்பிகளில் அடைத்து, இரைப்பை அமிலம் தாக்காதபடி மெழுகால் மூடினார். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. கிருமிக்கு 'நிஸ்லே 1917' என்று மருத்துவரின் பெயர். சிப்பாய் பெயரில்லாமலே போனார்.

அது எப்படி வேலை செய்கிறது? குடலில் பாக்டீரியாக்களுக்கு இரும்புச்சத்து தட்டுப்பாடான சரக்கு. நிஸ்லே 1917 இரும்பைக் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகளைப் பல வகையாகச் சுரக்கிறது. 'பந்திக்கு முந்து' என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வரும் சால்மோனெல்லாவுக்கு இலை காலி. போதாததற்கு, உறவுக்காரக் கிருமிகளைக் கொல்லும் மைக்ரோசின் என்ற சிறு புரதங்களையும் விடுகிறது.

2004-ல் வெளியான ஆய்வொன்றில், பெருங்குடல் புண் நோய் தணிந்திருந்த 327 பேரில் பாதிப்பேருக்கு நிஸ்லே 1917-ஐயும், மீதிப்பேருக்கு வழக்கமான மெசலாசின் மாத்திரையையும் ஓராண்டு கொடுத்தார்கள். ஆய்வு விதிப்படி முடித்தவர்களில் நோய் திரும்பியது முறையே 36.4, 33.9 சதவீதம் பேருக்கு. ஏறக்குறைய சமம். இந்தப் பலன் இந்த ஒரு வகைக்குத்தான். 'புரோபயாட்டிக்' என்று அட்டையில் அச்சிட்ட எல்லாவற்றுக்கும் இதைச் சாட்சிக்கு அழைப்பது வியாபாரம்.

ஒரு வில்லங்கமும் உண்டு. சில ஈ.கோலைகள் கோலிபாக்டின் என்ற பொருளால் நம் செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன என்று 2006-ல் தெரியவந்தது. அதற்கான மரபணுத் தொகுதி நிஸ்லேயிடமும் இருக்கிறது. அதை முடக்கிவிட்டால் தீர்ந்தது என்றுதான் தோன்றும். 2012-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முடக்கிப் பார்த்தபோது, குடல் அழற்சி கொண்ட எலிகளுக்கு அது தந்துவந்த பாதுகாப்பும் கூடவே போய்விட்டது. 2019-ல்தான் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அந்தத் தொகுதியில் உள்ள ஒரு புரதத்தின் ஒரு முனை கோலிபாக்டினை முடுக்குகிறது. மறுமுனை மைக்ரோசின்கள் செயல்படத் தேவைப்படுகிறது. முதல் முனையை மட்டும் கெடுத்தார்கள். டி.என்.ஏ. சேதம் நின்றது, கிருமிகளைக் கொல்லும் திறன் தங்கியது.