தாத்தா படத்தை எதில் ஒட்டப் போகிறீர்கள்?

மேற்குத் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ பிரேம் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, “லேமினேஷனா, கண்ணாடி பிரேமா?” அளவு, பார்டர் நிறம், என்றைக்கு வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். படத்தின் முதுகில் என்ன தடவப் போகிறார்கள் என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. படம் எத்தனை வருடம் நிற்கும் என்பது பெரும்பாலும் அந்த முதுகில்தான் இருக்கிறது.

கையில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். செல்போனிலோ பென் டிரைவிலோ கோப்பு பத்திரமாக இருக்கிற படம் என்றால் கவலையே இல்லை; லேமினேஷன் போடுங்கள், கெட்டுப்போனால் இன்னொரு பிரிண்ட். ஆனால் தாத்தாவும் பாட்டியும் ஸ்டுடியோ திரைச்சீலைக்கு முன்னால் விறைத்து நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம், நெகட்டிவும் இல்லை, இருப்பது இந்த ஒன்றுதான் என்றால், அதை எந்தக் கடையிலும் எதிலும் ஒட்டக் கொடுக்காதீர்கள்.

லேமினேஷன் என்பது எம்.டி.எஃப். பலகையில் படத்தைப் பசை போட்டு ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலம் போட்டு அழுத்துவது. ஒருமுறை போட்டால் போட்டதுதான். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து ஓரம் உப்பும். படலத்தைப் பிரிக்கப் பார்த்தால் முகமும் சேர்ந்து உரிந்து வரும். சொரசொரப்பான மேட் படலம் என்றால் பிறகு ஸ்கேன் செய்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் விழும்.

அதற்காகக் கண்ணாடி பிரேம் எல்லாமே நல்லது என்று அர்த்தமில்லை. வீட்டில் உள்ள பழைய பிரேம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். துருப்பிடித்த குட்டி ஆணிகள், கிழிந்த பிரவுன் பேப்பர், அதற்குள் ஹார்ட்போர்டு. பல படங்கள் அந்த ஹார்ட்போர்டிலேயே நேராக ஒட்டப்பட்டிருக்கும். அதன் அமிலம் மெல்ல ஏறிப் படத்தைப் பழுப்பாக்கும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். சுவரொட்டிக்கு அது சரி, வெள்ளி உப்பில் உருவான பழைய படத்துக்கு ஆகாது. முன்பக்கம் இன்னொரு சிக்கல். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றின் ஈரமே போதும். போதாததற்கு நாம் திவசத்தன்று ஈர மல்லிகை மாலையைப் பிரேமில் சாத்துகிறோம். நார் வழியே இறங்கும் தண்ணீர் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் போய் நிற்கும். படத்தின் கீழோரத்தில் அலை அலையாகக் கறை ஏறியிருந்தால் மாலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: ஒரே பிரதியாக உள்ள படம் சுவருக்கே போக வேண்டாம். சிறிய படமானால் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள், பிரிண்ட் போடுங்கள், மாலையும் குங்குமமும் அந்தப் பிரதிக்கு. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப்போன புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் உதவியோடு, டிஜிட்டல் பிரதி எடுக்கும் வேலையைத்தான் செய்தது. அசலைப் பி.வி.சி. அல்லாத பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பிசின் தடவிய பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பம் வேண்டாம்.

அசலையே மாட்டியாக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். பசை இல்லாமல் நான்கு மூலையிலும் காகித முக்கோணம் போட்டுப் படத்தைச் செருக வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு வேண்டும். பின்னால் அமிலமில்லாத அட்டை; ‘ஆசிட் ஃப்ரீ’ என்று கேட்டால் புரியும். மாட்டும்போது பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும்.

கடையில் கொடுக்கும்போது பில் கேளுங்கள். அதில் “ஒரிஜினல், ஒரே பிரதி, ஒட்டக்கூடாது” என்று எழுதச் சொல்லி, கடைக்காரர் கண்ணெதிரிலேயே படத்தை முன்னும் பின்னும் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 151ஆவது பிரிவின்படி, ஒப்படைத்த பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைக் காப்பதுபோலக் காக்க வேண்டியது வாங்கிவைத்தவர் கடமை. அதே சட்டத்தின் 170ஆவது பிரிவு, கூலி கொடுக்கும்வரை படத்தை நிறுத்திவைக்கக் கடைக்காரருக்கும் உரிமை தருகிறது. பாக்கியைத் தீர்க்காமல் சண்டைக்குப் போகாதீர்கள். ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தில் “தொலைந்தால் பிரேம் பணம் மட்டும்” என்றிருந்தால் கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள். கையெழுத்திட்ட நிபந்தனை நாளை உங்களுக்கு எதிராக வந்து நிற்கலாம்.

படம் கிழிந்தாலோ தொலைந்தாலோ 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண். பாதி விவகாரம் ஒரு போனில் படியும் ரகம்தான். படியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: தாம்பரம், பல்லாவரம்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டம், வேளச்சேரிக்காரர்களுக்குச் சென்னை மாவட்டம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய பதிவு எல்லாம் சான்று. பெரிய தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

“ஸ்டுடியோ சீல் இருக்கிறது, காப்பி போடமாட்டோம்” என்று சில லேப்களில் சொல்வார்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு.

கடைசியாக வெள்ளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர் தப்பவில்லை. நனைந்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் காயவிட்டால் கட்டியாகிவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகத்தைத் தொடாமல், மின்விசிறிக் காற்றில் நிழலில் மேல்நோக்கிக் காயவையுங்கள். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, பிறகு நிதானமாகப் பார்க்கலாம். கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்ட படத்தைக் கத்தி விட்டு நெம்பாதீர்கள். பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.