2 மைல் தூரம், 4.5 மைல் தண்டவாளம்

பழைய வரைபடம் ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி, "இதை யாருக்காக வரைஞ்சாங்க?" என்பதுதான். ஏன்னா, அவங்களுக்குத் தேவைப்படாதது அதில் இருக்காது.

உதாரணத்துக்கு, அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த ஜார்ஜ்டவுன், சில்வர் ப்ளூம் என்ற ரெண்டு ஊர்கள். மாநில ரயில்வே வரைபடத்தில் நடுவே ஒரு சின்னக் கோடுதான் தெரியும். நேர் தூரம் சுமார் 2 மைல். ஆனா 1884-ல் போட்ட தண்டவாளம் 4.5 மைல்! சில்வர் ப்ளூம் 640 அடி மேலே இருக்கு. நேராகப் போட்டால் 100 அடிக்கு 6 அடி ஏற்றம்; இரும்புச் சக்கரம் வழுக்கும். அதனால் பாதையைச் சுற்றி வளைத்து, ஓரிடத்தில் உயரமான பாலம் கட்டி, தண்டவாளம் தன்னையே மேலால் கடக்கும்படி செய்தார்கள். பயணிக்கு ஊர்ப் பெயர்கள் போதும் என்பதால் இந்த வளைவுகள் எதுவும் அந்தக் கோட்டில் இல்லை.

அடுத்தது, சான்போர்ன் கம்பெனியின் தீக்காப்பீட்டு வரைபடங்கள். 50 அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில், ஒவ்வொரு கட்டடமும் இருக்கும். மரக் கட்டடம் மஞ்சள், செங்கல் இளஞ்சிவப்பு, கல் நீலம். தண்ணீர்க் குழாய் எங்கே, தீயணைப்பு நிலையம் எங்கே என்பதும் உண்டு. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் காப்பீட்டுக்காரர், ஊருக்கு வராமலே பிரீமியம் முடிவு செய்யத்தான் இவ்வளவும்.

அந்த மஞ்சள் வெறும் வண்ணமில்லை. ரயில் பாதை முடிந்த அதே 1884-ல் சில்வர் ப்ளூமின் கடைவீதி தீயில் அழிந்தது. தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களை நல்லா வைத்திருந்த ஜார்ஜ்டவுன் அப்படி எரியவே இல்லை. அந்தக் கால மரவீடுகள் பல இன்னைக்கும் நிற்கின்றன.

ஆனா இதிலும் ஒரு குறை. காப்பீட்டுக்காரருக்கு வியாபாரம் இல்லாத பகுதிகளைப் பெரும்பாலும் வரையவில்லை. ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த தொழிலாளர் குடிசைகள் பல இப்படித்தான் விடுபட்டுப்போயின.

1893-ல் வெள்ளி விலை சரிந்தது. 1939-ல் தண்டவாளத்தையும் பாலத்தையும் பழைய இரும்பாக விற்றார்கள். 1984-ல் சுற்றுலாவுக்காக அந்தப் பாலத்தை மறுபடி கட்டினார்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் சான்போர்ன் தாள்கள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. ஏதாவது ஒரு சுரங்க ஊரை எடுத்து, முதலில் மஞ்சளை எண்ணிப் பாருங்க. அப்புறம் தாள் எங்கே முடியுதுன்னு பாருங்க.