மூளைக்குள் ஒரு கடற்குதிரை: இருதுருவ மனநோய் பற்றித் தம்பதியருக்கு



தூத்துக்குடிப் பக்கம் மீன் வலையில் சில சமயம் கடற்குதிரை சிக்கும். குதிரை முகம், சுருண்ட வால். நம் ஒவ்வொருவர் மூளைக்குள்ளும் அதே சாடையில் இரண்டு உறுப்புகள் உண்டு. காதுக்கு நேர் உள்ளே வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இத்தாலிய மருத்துவர் அராண்டியஸ் 1587-ல் வெளிவந்த தம் நூலில் இதைக் கடற்குதிரைக்கு ஒப்பிட்டார். ஹிப்போகாம்பஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

நேற்று நடந்ததை இன்று நினைவில் நிறுத்துவது இதன் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. கவலை வந்தால் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்புநீர் ஊறும். "போதும்" என்று அதற்குத் தடை போடும் இடங்களில் இதுவும் ஒன்று. கவலை மாதக்கணக்கில் நீடித்தால் அந்தச் சுரப்புநீரே இதை நலிவடையச் செய்யும்.

இனி நோய்க்கு வருவோம். விசைத்தறி ஓட்டும் ஒருவர் திடீரென்று இரண்டு மணி நேரம் மட்டும் தூங்குகிறார், களைப்பே இல்லை. ஓயாத பேச்சு. கடன் வாங்கிப் பத்துத் தறி போடப் போகிறேன் என்கிறார். மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. ஒரு வாரத்துக்கு மேல் இப்படி. சில மாதம் கழித்து அதே ஆள் பாயை விட்டு எழுந்திருப்பதில்லை, செத்தால் தேவலை என்கிறார். இது திமிரும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. இருதுருவ மனநோய்.

நம் ஊரில் சித்தம் கலங்கியவர்களைக் கோமதி அம்மன் சந்நிதி முன்னுள்ள சக்கரக் குழியில் உட்கார வைப்பது வழக்கம். தாராளமாக உட்கார வையுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். ஒன்றுக்கொன்று விரோதமில்லை. சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கிலியில் பிணைப்பது கூடாது.

இந்நோய் உள்ளவர்களில் கடற்குதிரை உறுப்பு சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள்; தனி ஒருவரின் படத்தைப் பார்த்து இந்நோயைச் சொல்ல இயலாது, காசுதான் வீண். ஆனால் நோய் தணிந்த பிறகும் சிலருக்கு மறதி இருக்கும். "உலையில உப்பு போட்டேனா?" என்று மனைவி கேட்டால் எரிந்து விழாதீர்கள், ஐயா. மாத்திரை சாப்பிட்டதைக் காலண்டரில் கோடு போட்டு வைக்கலாம்.

லித்தியம் என்ற உப்பு 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவரால் இந்நோய்க்குப் பயனாகும் என்று கண்டறியப்பட்டது. லித்தியம் எடுப்பவர்களுக்கு அந்த உறுப்பு அவ்வளவாகச் சிறுத்திருப்பதில்லை என்றும் பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் நஞ்சு. ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. வெயில் காலத்தில் தண்ணீர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. வாந்தி, பேதி, கைநடுக்கம், தள்ளாட்டம் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

தாய்மார்களே, பிள்ளை வேண்டுமென்று நினைத்தால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வால்புரோயேட் என்ற மாத்திரை கருவிலுள்ள சிசுவுக்கு ஊனம் உண்டாக்கக் கூடியது; வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில்தான் நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம். தூக்கம் கெட்டால் நோய் கிளம்பும். ஆகவே ராத்திரியில் பிள்ளையைக் கணவரோ மாமியாரோ ஒரு முறை தூக்கிக்கொள்ளட்டும். "பிள்ளைக்கும் வருமோ?" என்று பலர் கேட்கிறார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு. என்றாலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. சாவு பற்றிப் பேச்சு எடுத்தால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை வீட்டை விட்டு அப்புறப்படுத்திவிட்டு 14416-க்குப் போன் பண்ணுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.