ஓமந்தையில் இருந்த இரண்டு நேரம்

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் பிரயாணி ஒருவர், ஒரே பகலில், ஒரே தீவினுள், தமது மணிக்கூட்டை இருமுறை திருத்த வேண்டியிருந்தது என்றால் இன்றைய மாணவர் நம்புவரோ, அறியோம். ஆயினும் 2002 ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது முதல் 2006 ஏப்ரல் வரை அதுவே வழக்கமாயிருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து வடக்கே செல்பவர் முள்ளை அரை மணி பின்னே தள்ள வேண்டும். முகமாலையைக் கடந்து குடாநாட்டினுள் புகுந்ததும் அதே அரை மணியை முன்னே தள்ள வேண்டும். தெற்கிலும் வடக்கிலும் அரசாங்கத்தின் நேரம். இடையே புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரம். ‘புது நேரம்’, ‘பழைய நேரம்’ என்று சனங்கள் எளிதாகப் பெயரிட்டுக்கொண்டனர். எத்தனை மணிக்கு என்று கேட்டால், எந்த நேரப்படி என்ற எதிர்க்கேள்வி பிறக்கும்.

இந்நிலை எவ்வாறு வந்தது? இலங்கையின் நேரம் 1906 ஆம் ஆண்டு முதல் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942 முதல் 1945 வரை அது மாற்றப்பட்டுப் பின் பழைய நிலைக்கே மீண்டது. அதன்பின் அரை நூற்றாண்டு காலம் அதை எவரும் தொடவில்லை. 1996 இல் மழை பொய்த்தது. நீர்மின்னை நம்பியிருந்த நாட்டில் மின்வெட்டு மலிந்தது. மாலை வெளிச்சத்தை நீட்டித்தால் விளக்கேற்றும் நேரம் சுருங்கும், மின்சாரம் மிஞ்சும் என்று கருதிய அரசாங்கம், மே மாதம் 25 ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளியது. காலை இருளில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோருக்குப் பெருந்தொல்லையாயிற்று. அக்டோபர் 26 இல் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி பத்து ஆண்டுகள் நிலைத்தது.

வன்னியில் இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. அதன் அரசியற் காரணம் ஒருபுறமிருக்க, மின்சாரத்தைச் சேமிக்கும் திட்டத்துக்கு அங்கே பொருளும் இல்லை என்பதை நினைவுகூர வேண்டும். தேசிய மின்வழங்கலே எட்டாத ஊர்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் எந்த மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது?

இனி விஷயத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். மனிதர் முள்ளைத் திருப்பிவிட்டுப் போய்விடலாம். கணனி அவ்வாறு செய்தல் கூடாது. வங்கி, வைத்தியசாலை, விமான நிலையம் ஆகியவற்றின் கணக்குகளைத் தாங்கி இரவுபகலாக இயங்கும் கணனியைச் சேர்வர் என்பர். பெரும்பாலான சேர்வர்கள் உள்ளூர் நேரத்தை அறியா. 1970 சனவரி முதலாந் திகதி, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு முதல் கழிந்த வினாடிகளையே அவை எண்ணிச் செல்கின்றன. நமக்குக் காட்டும்போது மாத்திரம், ‘இது கொழும்பு, இத்தனை மணி கூட்டுக’ என்றுள்ள விதியைப் பார்த்துக் கூட்டிக் காட்டுகின்றன. ஆகவே அரசாங்கம் நேரத்தை மாற்றும்போது திருத்தப்பட வேண்டியது அவ்விதியேயன்றிக் கடிகாரமன்று. விதியை விட்டுக் கடிகாரத்தைத் திருப்பிய கணனியில், உள்ளே ஓடும் எண்ணிக்கையே பிழைத்து, பதிவுகள் முன்பின்னாகிவிடும்.

2006 ஏப்ரல் 15 இல், புத்தாண்டுக்கு மறுநாள், இலங்கை பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. நள்ளிரவு கழிந்து 12.30 ஆனதும் மீண்டும் 12.00 ஆக்கப்பட்டது. அன்று 12.15 என்பது இருமுறை வந்தது. 12.15 இற்கு ஒருவர் பணம் எடுத்தார் என்று ஏட்டில் இருந்தால், அது எந்த 12.15? வினாடிகளை எண்ணி வைத்த கணனிக்கு ஐயமில்லை. உள்ளூர் நேரத்தை மாத்திரம் எழுதி வைத்ததற்கு விடையே இல்லை. மாறாக, 1996 மே 25 இல் நள்ளிரவுக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரம் நாட்காட்டியிலேயே இல்லாது போயிற்று.

வருங்காலத்துக்குக் குறித்து வைப்பவற்றில் சிக்கல் வேறு விதமானது. 2006 சனவரியில் ஒருவர், மே மாதம் காலை 9 மணிக்கு ஒரு கூட்டம் என்று கணனியில் குறித்தார் என்க. கணனி அன்றைய விதிப்படி ஆறு மணியைக் கழித்து, கிரீன்விச் 3 மணி என எழுதிவைத்தது. மே மாதம் வந்தபோது கூட்டுவது ஐந்தரையே, கூட்டம் 8.30 ஆகிவிட்டது! இத்தகையவற்றுக்கு உள்ளூர் நேரத்தையும் ஊரின் பெயரையும் சேர்த்துக் குறிப்பதே முறை. அன்று விண்டோஸ் கணனிகளில் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்ற தெரிவு ஆறு மணியையே காட்டியபடியால், திருத்தம் வந்து சேரும்வரை பலர் சென்னை, கொல்கத்தா என்றிருந்த இந்தியத் தெரிவை எடுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

உலகின் நேர விதிகளையெல்லாம் திரட்டி வைத்திருக்கும் பொதுத் தரவுத்தளம் ஒன்று உண்டு. லினக்ஸ் சேர்வர்களும் கைத்தொலைபேசிகள் பலவும் அதையே நாடுகின்றன. அதில் இலங்கைக்கு உள்ள விதி ‘ஏசியா/கொழும்பு’ ஒன்றே. ஆயினும் 2006 இல் அதன் பராமரிப்பாளர் போல் எகேட் அவ்விதியின் அருகே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாழ்வோர் இந்தியாவுக்குரிய விதியைப் பயன்படுத்தலாம், அது 1970 முதல் அப்பகுதியின் நேரத்தோடு ஒத்தே வந்துள்ளது என்பதே அதன் சாரம். கணனி இக்குறிப்பை வாசிப்பதில்லை. மனிதர் வாசிப்பதற்கே அது உள்ளது. ஓமந்தைக்கு வடக்கே வழங்கிய நேரத்துக்கு உலகக் கணனிகளின் ஏட்டில் உள்ள இடம் அவ்வளவுதான்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். 1996 இற்கும் 2006 இற்கும் இடையில் வன்னியில் பிறந்தோர் பலர் இன்று மணவயதினர். சாதகக் குறிப்பு இப்போது கணனியிலேயே கணிக்கப்படுகிறது. பிறந்த ஊர் கிளிநொச்சி, ஆண்டு 2003 என்று கொடுத்தால், அது கொழும்பு விதிப்படி ஆறு மணியைக் கழித்துவிடும். வீட்டார் குறித்து வைத்ததோ பழைய நேரமாயிருக்கலாம். அரை மணி என்பது ஒன்றேகால் நாழிகை. நவாம்சம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒன்றாக மாறுவது. எனவே அது பிழைத்தே போகும். சந்தியில் பிறந்த பிள்ளைக்கு இலக்கினமும் மாறும். சாதகத்தில் நம்பிக்கை இல்லாதார்க்கும் இது வேறு வகையில் வந்து சேரும். அக்காலத்தில் இறந்தோரின் திவசத் திதி, இறந்த நேரத்தைக் கொண்டே கணிக்கப்படுவது. திதி மாறும் வேளையில் நேர்ந்த மரணமாயின், அரை மணியில் திவசநாளே ஒருநாள் முன்பின்னாகிவிடும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினரோடு பேசுவோர் நேரமாற்றத்தை இன்றும் காண்கின்றனர். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி பின், குளிர்காலத்தில் ஐந்தரை. ரொறன்ரோவுக்கு ஒன்பதரையும் பத்தரையும். கனடா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறிலும், பிரித்தானியா அம்மாதத்தின் கடைசி ஞாயிறிலும் மாறுவதால், இடைப்பட்ட நாட்களில் இரு வீடுகளையும் ஒருங்கே அழைப்பது சற்றே குழப்பந்தான். ஆனால் அதைத் தொலைபேசியே கவனித்துக்கொள்கிறது.

வன்னியின் பழைய நேரத்தை அது கவனித்துக்கொள்ளாது. 2006 ஏப்ரலில் ஓமந்தையின் இருபுறத்து மணிக்கூடுகளும் ஒன்றாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. பின் வந்த யுத்தத்தில் எத்தனையோ வீடுகளின் குறிப்பேடுகள் அழிந்தன. எஞ்சியுள்ள பிறப்புக் குறிப்புகளை எடுத்து, இது புது நேரமா, பழைய நேரமா என்று, அறிந்த பெரியோரிடம் இப்போதே கேட்டு ஓரத்தில் எழுதி வையுங்கள். பழைய நேரமாயின், கணனியில் கணிக்கும்போது இலங்கை என்பதை விட்டு, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது என்று தாமே கொடுக்க வேண்டும்.