ஆற்றுப்படையும் யாழ்தேவியும்

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து யாழ்தேவியில் திரும்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெட்டி. மடியிலே பொருநராற்றுப்படை; மறுநாள் வகுப்பிலே அதுதான் பாடம். அநுராதபுரம் கழிந்ததும், இளைஞன் ஒருவன் பழந்துணிப் பையிலிருந்து கிற்றார் ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இருக்கைகளுக்கிடையே வந்து நின்றான். இரண்டு சிங்களப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு. பாடி முடித்துத் தொப்பியை நீட்டிக்கொண்டு வந்தான். என்னை அணுகியபோது நான் புத்தகத்திலே கண்ணை ஊன்றிக்கொண்டேன். வாசித்தேன் என்று சொல்லமாட்டேன், ஊன்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

தொப்பி கடந்து போயிற்று. கண் ஊன்றிய இடத்திலே என்ன இருந்தது? ஓர் ஊரிலே விழா முடிந்துவிட்டது. மறுநாளும் அங்கே சோற்றுக்காக நிற்க விரும்பாது, வேற்றூர் நோக்கிப் புறப்பட்ட ஒரு பொருநன் இருந்தான். இருபத்தைந்து ஆண்டுகளாக அவனைத்தான் கற்பித்து வருகிறேன்.

அவனோடு செல்லும் யாழை முடத்தாமக்கண்ணியார் உறுப்புறுப்பாகக் காட்டுகிறார். பத்தல் மானின் குளம்பு பதிந்த சுவடு போன்றது. துளைகளை மறைத்த ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்கள். உள்நாக்கு இல்லாத வாய் எட்டாம் நாட் பிறை. தண்டு தலையெடுத்த பாம்பு. நரம்பு தினையரிசி போலத் திரண்டது. சுவடு, நண்டு, பாம்பு, தினை: எல்லாம் வழிநடப்பவன் கண்ணிற் படுபவை. அரண்மனைக்குள் இருந்தவனுக்கு இந்த உவமைகள் வாய்த்திரா. இதனை உரைகாரர் எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. அன்று அந்தக் கிற்றாரின் அறுந்து முடிந்த தோள்வாரைக் கண்ட பின்னரே எனக்கும் தோன்றிற்று.

அந்த யாழிலே பாலைப் பண் எழுந்தால் ஆறலை கள்வரும் கைப்படையை நழுவவிடுவர் என்கிறது பாட்டு. கள்வருக்கு வந்த இரக்கம் பண்டிதருக்கு வரவில்லை.

மனம் உறுத்தியது. மாங்குளம் தாண்டுகையில் அவன் மறுபடி அவ்வழியே வந்தான்.

“தம்பி, சற்று இப்படி இரும்” என்றேன். அருகில் அமர்ந்தான். யாழின் வருணனையைப் பொருள் சொல்லிக் காட்டினேன். விரலால் தன் கருவியைத் தடவியபடி கேட்டான். பேச்சு வளர்ந்தது. உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாதபடி கதவடைத்து உண்ட சிறுபாணாற்றுப்படைக் குடும்பத்தைச் சொன்னேன். திருநீலகண்ட யாழ்ப்பாணரைச் சொன்னேன்: மதுரையிலும் திருவாரூரிலும் அவர் கோயில் வாயிலிலே நின்றுதான் வாசித்தார், மதுரையிலே இறைவன் ஆணையிட்டே அவரை உள்ளே அழைப்பித்தான், ஆரூரிலே வடக்கே வேறொரு வாயிலே வகுத்தான். நம் ஊர்ப் பெயரையும் சொன்னேன். கண் தெரியாத யாழ்ப்பாடி ஒருவன் பாடிப் பரிசாகப் பெற்ற மணற்றிடர் யாழ்ப்பாணமாயிற்று என்பது வைபவமாலை தரும் மரபு. சரித்திரக்காரர் ஏற்கட்டும், மறுக்கட்டும். ஓர் ஊர் தன் பெயரை இப்படிச் சொல்லிக்கொள்ள விரும்பியதே பெரிது.

“ஐயா, அந்த யாழ் இப்ப ஆரிட்டை இருக்கு?”

இடர்ப்பட்டேன். செங்கோட்டியாழுக்கு ஏழு நரம்பு, பேரியாழுக்கு இருபத்தொன்று என்று உரைகளிலே எண் இருக்கிறது. வழிவழியாக வந்த கை இல்லை. விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் துணைக்கொண்டு பல்லாண்டு உழைத்தே அதன் இலக்கணத்தை மீட்டார். 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரிலே யாழ்நூல் அரங்கேறியது. சில வாரங்களில் அடிகளும் மறைந்தார். இவற்றைக் கூறினேன்.

அவன் சிறிது நேரம் வெளியே பார்த்திருந்தான்.

“வாசிச்சவையை வாசலிலை நிப்பாட்டினா, யாழ் எப்பிடி ஐயா மிஞ்சும்?”

யாழ் மறைந்தமைக்குக் காரணம் ஐந்தாறு எழுதி வைத்திருக்கிறேன். மாணவரும் பரீட்சையில் எழுதுகிறார்கள். இது அவற்றில் இல்லை.

கிளிநொச்சியிலே வண்டி நின்றபோது நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“நீங்கள் அப்ப படிச்சுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள். ஒண்டைக் கேட்டிட்டுத் தாங்கோ.”

புத்தகத்தை மூடிப் பையிலே வைத்தேன். பாடவில்லை, வெறுமே வாசித்தான். என்ன பண் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதிரிருக்கையில் அழுதுகொண்டிருந்த குழந்தை அடங்கிற்று. கொடிகாமம் வரையில் வாசித்தான்.