அருண் கேத்தர்பால்: பசந்தரில் பின்வாங்காத டாங்கி

செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால், இந்திய ராணுவத்தின் 'பூனா ஹார்ஸ்' டாங்கிப் படைப்பிரிவில் பணியாற்றிய இளம் அதிகாரி. 1971 இந்திய–பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 16 அன்று, பசந்தர் ஆற்றுச் சண்டையில் அவர் வீரமரணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 21. அதிகாரியாகப் பொறுப்பேற்று ஆறு மாதங்களே ஆகியிருந்தன. போர்க்கள வீரத்துக்காக நாடு வழங்கும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா, மறைவுக்குப் பின் அவருக்கு அளிக்கப்பட்டது.

அருண் 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தார். தந்தை எம்.எல். கேத்தர்பால் ராணுவப் பொறியாளர் படையில் பணியாற்றிப் பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். தாத்தா முதல் உலகப்போரில் போரிட்டவர். சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்த அருண், 1967இல் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் டேராடூன் ராணுவக் கழகத்தில் பயிற்சி முடித்து, 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸில் இணைந்தார். இந்தப் படைப்பிரிவின் தலைவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் தாராபூர், 1965 போரில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்றவர். 1971 டிசம்பர் 3 அன்று போர் மூண்டபோது அருண் அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். அங்கிருந்து தம் படையுடன் போய்ச் சேர்ந்தார்.

அவர் போரிட்ட இடம் ஷகர்கர் பகுதி. வரைபடத்தில் பார்த்தால், பாகிஸ்தானின் நிலம் இந்தியாவுக்குள் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். அதற்கு அருகிலேயே பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குச் செல்லும் சாலை போகிறது. அந்தச் சாலை எதிரியின் கைக்குப் போனால் ஜம்மு காஷ்மீருக்குப் படையும் பொருளும் அனுப்புவது பெரும் சிக்கலாகிவிடும். அதனால், பாகிஸ்தான் முந்திக்கொள்வதற்கு முன்பே இந்தியப் படை அப்பகுதிக்குள் நுழைந்தது. நுழைந்த வழியில் பெரும் தடையாக இருந்தவை பசந்தர் ஆறும், அதன் ஓரம் புதைக்கப்பட்டிருந்த கண்ணிவெடிகளும்.

டிசம்பர் 15 அன்று 47ஆவது காலாட்படை பிரிகேட் ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது. பிடித்த இடத்தைக் காக்க டாங்கிகள் உடனே வந்தாக வேண்டும். பொறியாளர்கள் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை பாதிதான் முடிந்திருந்தது. எதிரியின் டாங்கிகள் நெருங்கும் செய்தி வந்ததும் பூனா ஹார்ஸ் காத்திருக்கவில்லை. முழுதும் அகற்றப்படாத கண்ணிவெடிகளுக்கு நடுவே இருளில் டாங்கிகளைச் செலுத்தி, விடியும் நேரத்தில் காலாட்படையுடன் சேர்ந்துகொண்டது.

டிசம்பர் 16 காலை, ஜர்பால் கிராமத்தருகே, புகைத்திரையை மறைப்பாகக் கொண்டு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் எதிர்த்தாக்குதலில் இறங்கின. எண்ணிக்கையில் குறைந்திருந்த இந்தியத் தரப்பின் 'பி' ஸ்குவாட்ரன் உதவி கேட்டது. 'ஏ' ஸ்குவாட்ரனில் இருந்த அருண் தம் டாங்கிகளுடன் விரைந்தார். வழியில் எதிரியின் காவல் அரண்களிலிருந்து சுட்டார்கள். அவர் நேரே அவற்றின் மீது டாங்கியை ஏற்றித் தாக்கி, அங்கிருந்த வீரர்களைச் சிறைப்பிடித்தார். அந்த மோதலில் உடன் வந்த டாங்கித் தலைவர் ஒருவர் உயிரிழந்த பிறகும் தாக்குதலை நிறுத்தவில்லை.

எதிரி மீண்டும் பெரும் டாங்கிப் படையுடன் வந்தபோது, அந்த முனையில் எதிர்த்து நின்றவை மூன்றே இந்திய டாங்கிகள். கடுமையான அந்தச் சண்டையில் பத்து எதிரி டாங்கிகள் அழிந்தன. அவற்றுள் நான்கை அருணே அழித்தார் என்கிறது விருதுக்குரிய அதிகாரபூர்வக் குறிப்பு. இந்தியத் தரப்பிலும் இழப்பு நேர்ந்தது. ஒரு டாங்கியின் தலைவர் காயமடைந்தார். இன்னொன்றின் பீரங்கி பழுதானது. அருணின் செஞ்சூரியன் டாங்கியான 'ஃபமகுஸ்தா'வும் குண்டடிபட்டுத் தீப்பற்றியது. டாங்கியை விட்டு வெளியேறுமாறு மேலதிகாரி வானொலியில் உத்தரவிட்டார். பீரங்கி இன்னும் இயங்குகிறது, அதனால் டாங்கியை விட மாட்டேன் என்று அருண் பதில் சொன்னார். கடைசியாக அவர் சுட்ட எதிரி டாங்கி சுமார் நூறு கஜ தூரத்தில் நின்றது. அதன்பின் அவருடைய டாங்கி மீது மீண்டும் குண்டு பாய்ந்தது. அருணும் உடனிருந்த வானொலி இயக்குநரும் உயிரிழந்தனர்.

இதை ஓர் இளைஞனின் கண்மூடித்தனமான துணிச்சல் என்று எண்ணுவது பிழை. அவருக்குப் பின்னால் இந்தியக் காலாட்படை இருந்தது. அதற்கும் பின்னால் கண்ணிவெடி நிலமும் ஆறும். டாங்கிகள் அந்த இடத்தில் விலகியிருந்தால், அக்கரையில் இருந்த வீரர்களுக்குப் பின்வாங்க நல்ல வழியில்லை. சுடக்கூடிய ஒரே ஒரு பீரங்கி மிச்சமிருந்தாலும் அது அந்த இடத்தில் நின்றாக வேண்டும். எதிரியால் அன்று அந்த முனையை உடைக்க முடியவில்லை. அதே நாளில் டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கு எல்லையிலும் சண்டை ஓய்ந்தது. பசந்தர் சண்டைக்காக, 3 கிரனேடியர்ஸ் படையின் மேஜர் ஹோஷியார் சிங்கும் பரம்வீர் சக்ரா பெற்றார். அவர் உயிருடன் திரும்பியவர்.

1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட பரம்வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களில் 14 பேர் மறைந்த பின் பெற்றவர்கள். பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். தம் முதுகெலும்பை வஜ்ராயுதத்துக்குத் தந்த ததீசி முனிவரின் கதையை மனத்தில் கொண்டு, இந்திரனின் வஜ்ரத்தை அதில் பொறித்தார். 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் உள்ளன. தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் அணிவகுப்புத் திடலுக்கு அருணின் பெயர் சூட்டப்பட்டது. 2023இல் அந்தமான் தீவுகளில் ஒன்றுக்கும் அவருடைய பெயர் வைக்கப்பட்டது.

தேசப் பிரிவினைக்கு முன் தாம் பிறந்த சர்கோதாவைக் காண, 2001இல் 81 வயதில் அருணின் தந்தை பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரைத் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர், பாகிஸ்தானின் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். விடைபெறுவதற்கு முன் அவர் ஓர் உண்மையைச் சொன்னார்: பசந்தரில் 13 லான்சர்ஸ் படையில் இருந்து அருணின் டாங்கியைச் சுட்டவர் தாம்தான். அருண் காட்டிய வீரத்தை மனமாரப் பாராட்டவும் செய்தார். மகனை இழந்தவரும் அந்த மகனைச் சுட்டவரும் ஒரே கூரையின் கீழ் பேசிக்கொண்டது, இரு நாட்டு மக்களும் அறிய வேண்டிய செய்தி.

எதிர்த்து நின்றவனே மனமுவந்து சொல்லும் சாட்சியத்தைவிட உறுதியான சான்று ஒரு வீரனுக்கு இல்லை. அழித்த டாங்கிகளின் கணக்கோடு அருணின் கதையை முடித்துவிடக் கூடாது. பின்னால் இருந்த தோழர்களுக்காக ஓர் இளைஞர் ஏன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்பதையும் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். அவருக்குச் செலுத்தும் முறையான அஞ்சலி அதுவே.