"நானும் சாரணி ஆகணும், அம்மா!"

எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரே ஒரு காலில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து போயிருக்கும். வருகிறவர்கள், "கரையான் அரிச்சிருக்கா?" என்று கேட்பார்கள். கரையானெல்லாம் இல்லை. என் மகன் கயிறு கட்டி முடிச்சுப் பழகிய இடம் அது. ஆறாம் வகுப்பில் சாரணர் படையில் சேர்ந்த நாளிலிருந்து கையில் கயிறு இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "இரும்மா, இந்த முடிச்சு அவிழாம நிக்குதான்னு பாத்துட்டு வாரேன்" என்பான்.

எனக்கோ எரிச்சல். கணக்குப் பாடத்தில் நாற்பது மார்க் வாங்குகிற பையனுக்குக் கயிறு எதற்கு, விசில் எதற்கு? ஆனாலும் ஆண் பிள்ளை, எங்கேயோ போய்ச் சுற்றுவதற்கு இது தேவலை என்று விட்டுவிட்டேன்.

மகள் விஷயத்தில் அப்படி விடவில்லை. அவள் சின்ன வகுப்பில் நீலப்பறவையர் கூட்டத்தில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தவள்தான். பத்து வயது முடிந்ததும், "அடுத்தது சாரணியர் படைம்மா, டீச்சர் பேர் கேட்டாங்க" என்று வந்து நின்றாள். "ராத்திரி முகாம் உண்டா?" என்று கேட்டேன். "உண்டு" என்றாள். "அப்போ வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பெரிய மனுஷி ஆகிற வயசு, ராத்திரியில் வெளியே தங்கவாவது என்று என் மாமியாரும் ஒத்து ஊதினார். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு மனசு கேட்டிருக்கும். "சரிம்மா" என்று போய்விட்டாள்.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், என்னைப் போலவே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அதை மறந்துபோன அம்மாக்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான்.

மார்கழி முதல் நாள்

திருச்செந்தூர் ரயிலில் வந்தவர்கள் ஆறுமுகநேரிப் பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருக்கிற ரசாயனத் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் எங்கள் சாகுபுரம். மழை இங்கே விருந்தாளி மாதிரி. எப்போதாவது வரும், சீக்கிரம் போய்விடும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். கோலம் போடுவதற்குக் கதவைத் திறந்தால் வாசலே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. அன்று முழுக்க விடவே இல்லை. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று என்று பிறகு படித்தோம். எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழைகூட அவ்வளவு இருக்காது. அந்த இரவில்தான் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. சுற்றியிருந்த கிராமத்து ஜனங்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. போனும் செத்துப்போயிற்று. ராத்திரி முழங்கால் அளவுக்குத் தண்ணீர். எங்கள் வீடு கொஞ்சம் மேடு. எதிர் வீடு பள்ளம். அங்கே ஒரு ஆச்சி தனியாக இருந்தார். வயது எண்பதுக்கு மேல். "ஏ மக்கா... கட்டில் வரைக்கும் வந்துட்டு" என்று அவர் கூப்பிடுகிற குரல் மழைக்கு நடுவில் கேட்டது.

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். மகன் தடுத்தான். "சும்மா இறங்காதீங்கப்பா. சாக்கடை மூடி திறந்திருந்தா தெரியாது" என்று சொல்லிவிட்டு, கொல்லையில் கிடந்த கிணற்றுக் கயிற்றை எடுத்து ஒரு நுனியை எங்கள் கேட் தூணில் கட்டினான். கையில் ஒரு கம்பு. முன்னால் கம்பை ஊன்றி ஊன்றிப் பார்த்தபடி அவன் போக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலே இவர் போனார். மறு நுனியை ஆச்சி வீட்டுத் திண்ணைத் தூணில் கட்டினான்.

அங்கிருந்து ஒரு சத்தம்: "அம்மா, கயிறு தொய்யுது! இழுத்து ஜன்னல் கம்பியில கட்டுங்க!"

இழுத்தேன், கட்டினேன். ஆயுள் முழுக்கப் பொட்டலமும் மூட்டையும் கட்டியவள்தானே நான்? அவர்கள் கை வைத்ததும் என் முடிச்சு வழுக்கி அவிழ்ந்துவிட்டது. மறுபடி கட்டினேன். மறுபடி அவிழ்ந்தது. கை நடுங்குகிறது. அப்போது என் மகள் என் கையைத் தள்ளிவிட்டுக் கயிற்றை வாங்கினாள். கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றினாள், தாங்கிப் பிடித்து இழுத்தாள், கயிற்றின் மேலேயே இரண்டு முடிச்சுப் போட்டாள். "இப்போ பிடிங்க அண்ணே!" என்றாள்.

அந்தக் கயிறு அசையவில்லை. ஆச்சியை உப்பு மூட்டை மாதிரி முதுகில் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி, இவர் வந்து சேர்ந்தார்.

ஆச்சிக்குத் தலை துவட்டி, சுக்கு வெந்நீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு மகளிடம் கேட்டேன், "உனக்கு யாருட்டி சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லித் தரல. அண்ணன் கட்டில்ல கட்டும்போது பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் ஸ்கூலுக்குப் போனப்புறம் நான் கட்டிப் பாப்பேன்" என்றாள்.

கட்டில் கால் தேய்ந்ததற்கு இரண்டு பேர் காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே வெள்ளம். என் கண்ணிலும் அப்படித்தான்.

அழையாமல் வந்த பெண்கள்

வெள்ளம் வடிந்த பிறகு மகனின் புத்தகத்தை எடுத்து நானே படித்தேன். பேடன் பவல் என்கிற ராணுவ அதிகாரி, 1899 முதல் 1900 வரை தென் ஆப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற ஊர் முற்றுகையில் சிக்கியிருந்தபோது, அங்கே சிறுவர்கள் சேதி கொண்டு போவது போன்ற வேலைகளைப் பெரியவர்களுக்குச் சமமாகச் செய்ததைப் பார்த்தாராம். 1907இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவில் சுமார் 20 பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் முகாம் போட்டார். அதுதான் ஆரம்பம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்தில் கலந்து படுக்க வைத்தார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் அழைக்காமலே சில பெண் பிள்ளைகளும் வந்து நின்று, "நாங்களும் சாரணர்கள்தான்" என்றார்களாம். அடுத்த வருஷமே, 1910இல், பெண்களுக்குத் தனி இயக்கம் தொடங்கியது. பொறுப்பை ஏற்றவர் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ். படிக்கும்போது எனக்குக் கட்டில் கால் ஞாபகம்தான் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே நடந்தது, என் வீட்டுக்குள்ளேயும் நடந்திருக்கிறது!

நம் நாட்டுக்கு 1909இல் பெங்களூரில் சாரணர் இயக்கம் வந்தபோது, வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். 1911இல் ஜபல்பூரில் பெண்கள் படை தொடங்கியபோதும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்கு வழி திறந்தவர்களில் ஒரு பெண்மணி உண்டு. அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்காகச் சாரணர் சங்கம் அமைத்தார். வடக்கே மதன் மோகன் மாளவியா போன்றவர்கள் இன்னொன்று அமைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7ஆம் தேதி தனித்தனியாக இருந்தவை ஒன்றாகி, பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15ஆம் தேதி பெண்கள் சங்கமும் அதில் சேர்ந்தது. இயக்கத்தின் தாரக மந்திரம் "தயாராக இரு" என்பதுதான். அடுப்பையும் அரிசிப் பானையையும் பார்க்கிற நமக்கு இது புது மந்திரமா, சொல்லுங்கள்?

விசாரித்தால்தானே தெரியும்

2024 ஜூனில் பள்ளி திறந்ததும் நானே மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் பயத்தையும் மறைக்காமல் கேட்டேன். சாரணியர் படைக்குத் தலைவியாக இருப்பவர் பெண்தான் என்றார்கள். முகாமுக்கும் அவரே கூட வருவார். பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் யாரையும் கூட்டிப் போவதில்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே இது எனக்குத் தெரிந்திருக்கும்! விசாரிக்காமலே "வேண்டாம்" என்றது நான்தான். சகோதரிகளே, நீங்களும் பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் கேட்டுவிட்டுப் பயப்படுங்கள். கூட வருவது யார், எங்கே தங்குகிறார்கள், ராத்திரி யார் காவல், அவசரத்துக்கு யாரிடம் பேசுவது என்று இந்த நாலு கேள்விக்கும் நேரான பதில் வந்தால் அனுப்பலாம். வராவிட்டால் தைரியமாக மறுக்கலாம்.

"இதனால மார்க்கு கூடுமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மார்க் கூடுமோ என்னவோ. ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருது என்று படிகள் உண்டு. ரயில்வே வேலையில் சாரணர்களுக்கென்று ஒதுக்கீடும் உண்டு. ஆனால் நான் கண்ட பலன் வேறு. ஆறு பேர், எட்டு பேர் சேர்ந்தது ஒரு அணி. அதில் ஒருத்தி தலைவி. யார் தண்ணீர் எடுப்பது, யார் காய் நறுக்குவது என்று தாங்களே பிரித்துக்கொள்கிறார்கள். திருச்செந்தூர்த் திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கொடுப்பது, கண்மாய்க் கரையில் பனங்கொட்டை ஊன்றுவது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கிறது. முதல் முகாமுக்குப் போய்வந்த மகள், தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். அண்ணன் தட்டைப் பார்த்து, "உன் முகாம்ல யாருலே கழுவினா?" என்று கேட்டாள். அவனும் எழுந்து போய்க் கழுவினான்!

கிம் விளையாட்டு என்று ஒன்று. தட்டில் 24 பொருளைப் பரப்பி, ஒரு நிமிஷம் காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். என்னென்ன இருந்தது என்று எழுத வேண்டும். ஒரு நாள் என்னையும் உட்கார வைத்தார்கள். மகனுக்கு 19, மகளுக்கு 21, எனக்கு 24! அஞ்சறைப் பெட்டி கண்ட கண் அல்லவா?

வீட்டுக்கும் ஆகும்

அவர்களிடம் நான் கற்றதில் நமக்கு உதவுகிற சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சாரணர் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் வெறும் அழகுக்கு அல்ல. விரித்தால் முக்கோணத் துணி. அடிபட்ட கையைத் தூக்கிக் கட்டும் தூளி. பழைய பருத்திப் புடவையில் ஒரு கஜச் சதுரம் வெட்டி, குறுக்கே இரண்டாக்கினால் வீட்டுக்கு இரண்டு தயார். கட்டும்போது வலது நுனியை இடதின் மேல், பிறகு இடது நுனியை வலதின் மேல் போடுங்கள். முடிச்சு தட்டையாக நிற்கும், உடம்பில் உறுத்தாது.

தீக்காயம் பட்டால் இங்க்கும் பேஸ்டும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். காயம் பெரியது என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு பாம்பு வீட்டுக்குள் வரும். கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் அந்தக் காலம். இப்போது அது கூடாது என்கிறார்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது.

ஒரு பையில் டார்ச், பாலிதீனில் சுற்றிய தீப்பெட்டி, ரேஷன் கார்டு, ஆதார் நகல், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, விசில், கொஞ்சம் பணம், முக்கியமான போன் நம்பர்கள் எழுதிய தாள். ஐப்பசி பிறந்ததும் இந்தப் பை எங்கள் வீட்டுப் பரண் மேல் ஏறிவிடும். ஓடுகிற தண்ணீரில் மட்டும், கயிறு இருந்தாலும் சரி, இறங்கவே கூடாது. எங்கள் தெருவில் நின்றது தேங்கிய தண்ணீர். அதனால்தான் அன்று பிழைத்தோம் என்று மகன் பிறகு சொன்னான்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் தேசியப் பெருந்திரளணி நடந்தது. டி.வி.யில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள். எத்தனையோ மாநிலத்துப் பெண் பிள்ளைகள். என் மகள் டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். "அடுத்ததுக்கு நான் போவேன்" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

"எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை முன்கூட்டியே கொண்டு வா" என்றேன்.

எதிர் வீட்டு ஆச்சி இப்போதும் நன்றாக இருக்கிறார். மகளின் சீருடையைப் பார்க்கும்போதெல்லாம், "என்னைக் கட்டி இழுத்தவ வாரா" என்பார். கட்டில் காலுக்கு வார்னிஷ் அடிக்கலாமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை யோசித்துத்தான் சொன்னேன்.